நாக்கு நுனியில் வந்து நிற்கும் சொல்: டாம்பியேர் சீமாட்டி நிகழ்வு ஆய்வு

பாரிஸில் காது கேளாதோர் பள்ளியின் மருத்துவராக இருந்த ழான் மார்க் கஸ்பார் இத்தார் 1825 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கை, கால், குரல் ஆகியவை ஆளின் விருப்பத்தை மீறி இயங்குவதைப் பற்றிய கட்டுரை அது. அதில் வரும் நோயாளிகளில் ஒருவர் 26 வயதான உயர்குடிப் பெண். இத்தார் அவர் பெயரை முதலெழுத்தோடு நிறுத்திக்கொண்டார். ஆனாலும் அவர் டாம்பியேர் சீமாட்டி (மார்கீஸ் த டாம்பியேர்) என்பது பின்னாளில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. 60 ஆண்டுகள் கழித்து, 1885 இல், ஜார்ஜ் ஜில் த லா டூரெட் என்ற மருத்துவர், இன்று அவர் பெயரால் டூரெட் எனப்படும் இந்த நோயைத் தனி நோயாக வரையறுத்தபோது காட்டிய ஒன்பது பேரில் இவரும் உண்டு. டூரெட் அவரைப் பரிசோதித்ததே இல்லை. இத்தாரின் குறிப்பைத்தான் எடுத்துக் கையாண்டார்.

இருநூறு ஆண்டுப் பழைய இந்த நிகழ்வை இன்று எடுத்துப் படிக்க ஒரு காரணம் உண்டு. தன் வாயிலிருந்து விருப்பத்தை மீறி ஏன் ஆபாசச் சொற்களே வருகின்றன என்று அந்தப் பெண் மருத்துவரிடம் ஒரு விளக்கம் சொல்லியிருக்கிறார். பிறகு வந்த எத்தனையோ மருத்துவர்களின் விளக்கத்தைவிட அது சரியாக இருக்கிறது.

நோய் நடந்த வழி

ஏழு வயதில் தொடங்கியது. எழுதிப் பழகும்போது கை வெடுக்கென்று எழுத்தை விட்டு இழுத்துக்கொள்ளும். அடுத்த கணம் ஒழுங்காக எழுதும். சிறிது நேரத்தில் மறுபடி வெடுக்கும். வீட்டில் அதைக் குறும்பு என்று எடுத்துக்கொண்டார்கள், திட்டினார்கள், தண்டித்தார்கள். தோள், கழுத்து, முகம் என்று இழுப்பு பரவிய பிறகுதான் பிள்ளை வேண்டுமென்று செய்யவில்லை என்பது புரிந்தது. அதன்பின் குரலுக்கு வந்தது: திடீர்க் கூச்சல், பொருளில்லாத சொற்கள். அறிவில் மட்டும் எந்தப் பிசகும் இல்லை. பருவமடைந்தால் சரியாகும் என்று காத்திருந்து ஏமாந்தார்கள். பிறகு சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிக் குளியல் சிகிச்சை கொடுத்தார்கள். நன்றாகவே குறைந்தது. ஊர் திரும்பியதும் திருமணம் நடந்தது. நோயும் திரும்பியது, முன்னைவிடக் கடுமையாக.

இன்றைய மருத்துவருக்கு இதில் பெரும்பகுதி பாடப்புத்தக வரிசை. டிக் என்பது ஒரு தசைக்கூட்டமோ குரலோ, குறுகிய நேரத்துக்கு, திடீரென்று, ஒரே மாதிரி திரும்பத் திரும்ப இயங்குவது. கண்சிமிட்டல், முகச்சுளிப்பு, தோள்வெட்டு போன்ற உடல் டிக்குகள் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வயதுக்குள் தொடங்கும். குரல் டிக் பிறகு சேரும். பத்து முதல் பன்னிரண்டு வயதில் உச்சத்துக்குப் போகும். பதின்பருவம் முடியும்போது பெரும்பாலோருக்குத் தணியும். இரண்டு உடல் டிக்குகளாவது, ஒரு குரல் டிக்காவது இருக்க வேண்டும், முதல் டிக் தோன்றி ஓராண்டு கடந்திருக்க வேண்டும், 18 வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும், வேறு நோயோ மருந்தோ காரணமாக இருக்கக் கூடாது: டூரெட் என்று பெயர் சொல்ல இவ்வளவுதான் நிபந்தனை. கெட்ட வார்த்தை வர வேண்டும் என்ற நிபந்தனை எங்கும் இல்லை.

சீமாட்டியின் நிலை வளர்ந்த பிறகு மோசமானது சிறுபான்மைப் போக்கு. சுவிஸ் குளியலுக்குக் கிடைத்த புகழைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். டிக்குகள் இயல்பாகவே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கூடும், குறையும். கூடி உச்சத்தில் நிற்கும்போதுதான் யாரும் வைத்தியம் தேடுவார்கள். அப்போது எதைக் கொடுத்தாலும் அடுத்த சில வாரங்களில் குறைவது போலத் தெரியும். பத்தியம், எண்ணெய், தாயத்து, ஊட்டச்சத்துப் பொடி எல்லாவற்றுக்கும் ‘குணம் தெரிகிறது’ என்ற பேர் கிடைப்பது இப்படித்தான்.

வாயில் வந்தவை

இத்தார் பார்த்த காலத்தில், தான் ஆர்வமாகப் பேசிக்கொண்டிருக்கும் பேச்சையே அந்தப் பெண் நடுவில் வெட்டிவிடுவார். வந்தவை மூன்று வகை. ஒன்று, விநோதமான கூச்சல். இரண்டு, அவருடைய கல்விக்கும் நாகரிகத்துக்கும் சற்றும் ஒட்டாத வசைகளும் ஆபாசச் சொற்களும். மூன்றாவதுதான் சிக்கலானது: கூடத்தில் இருக்கும் யாராவது ஒருவரைப் பற்றிக் கொச்சையான, மட்டம் தட்டும் ஒரு பேச்சு. கேட்பவருக்கு எவ்வளவு சங்கடமோ அவ்வளவு சங்கடம் சொல்பவருக்கும் என்று இத்தார் எழுதுகிறார்.

என்ன சொற்கள் என்பதை இத்தார் அச்சேற்றவில்லை, டூரெட் ஏற்றினார். ஒன்று மலத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். இன்னொன்று ‘நாசமாய்ப் போன பன்றி’ என்ற பொருள் தரும் வசை. ஒரு சராசரித் தெருச்சண்டையில் காதில் விழுவதைவிட மென்மையானவைதான். ஆனால் பேசியவர் ஒரு மார்கீஸ், கேட்டது பாரிஸின் விருந்துக்கூடம். அந்த முரணால்தான் சொல் ஊர் முழுவதும் பரவியது.

இந்த வகை டிக்குக்குக் கோப்ரோலாலியா என்று பெயர். கிரேக்கத்தில் ‘சாணப் பேச்சு’. இந்தப் பெயரை வழக்கில் கொண்டுவந்தவரும் டூரெட்தான். ஆபாசச் சைகையாக வந்தால் கோப்ரோப்ராக்ஸியா. மூன்றாவது வகை, அதாவது ஆபாசம் இல்லாமல் அவமதிப்பாக வரும் பேச்சு (‘குண்டு’, ‘வழுக்கை’, ‘அசிங்கமா இருக்கே’, இனத்தையோ நிறத்தையோ இழுக்கும் சொல்) தனியாகப் பார்க்கப்பட வேண்டியது. ஆபாசச் சொல்லைவிட இதைத்தான் ஆட்கள் ‘மனசில் இருந்தது வாயில் வந்துவிட்டது’ என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

எவ்வளவு பேருக்கு வரும்? சிறப்பு மருத்துவமனைகளுக்கு வந்த 597 டூரெட் நோயாளிகளை ஆராய்ந்து 2009 இல் வெளியான ஆய்வில், வாழ்நாளில் எப்போதாவது கோப்ரோலாலியா இருந்தவர்கள் ஆண்களில் 19.3 சதவீதம், பெண்களில் 14.6 சதவீதம். ஆபாசச் சைகை இருந்தவர்கள் 6 சதவீதத்துக்கும் கீழ். மருத்துவமனை வரை வருவோர் கடுமையானவர்கள் என்பதால், வெளியே இது இன்னும் குறைவாகவே இருக்கும். பத்தில் ஒருவர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. முதல் டிக் வந்து சராசரியாக ஐந்து ஆண்டுகளாவது கழித்தே இது தலைகாட்டுகிறது. ஆக, டூரெட் உள்ள பத்துப் பேரில் எட்டொன்பது பேர் ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லாமலே வாழ்ந்து முடிப்பவர்கள். டாம்பியேர் சீமாட்டியின் கதை அளவுக்கு மீறிப் பரவியதற்கு அவர்கள் இன்றும் விலை கொடுக்கிறார்கள். ‘நீ திட்டவே இல்லையே, அப்புறம் எப்படி டூரெட்?’ என்று பள்ளியிலும் சில சமயம் மருத்துவமனையிலுமே திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் உண்டு.

ஏன் அந்தச் சொல்லே

சீமாட்டி இத்தாரிடம் சொன்ன விளக்கத்தின் சாரம் இது. ஒரு சொல் எவ்வளவுக்கு எவ்வளவு அருவருப்பாக இருக்கிறதோ, அது வாயில் வந்துவிடுமோ என்ற பயம் அவ்வளவு வாட்டுகிறது. அந்தப் பயமே அதை நாக்கின் நுனியில் கொண்டுவந்து வைக்கிறது. அங்கே வந்தபின் அதைப் பிடித்து நிறுத்த முடிவதில்லை.

இதற்கு நரம்பியல் இன்று தரும் படம் ஏறக்குறைய இப்படி. மூளையின் மேற்புறணியும், ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியாவும், தாலமஸும் ஒன்றோடொன்று சுற்றுகளாக இணைந்திருக்கின்றன. எந்த அசைவை வெளியே விடுவது, எதை உள்ளேயே நிறுத்துவது என்ற வடிகட்டல் அந்தச் சுற்றுகளில் நடக்கிறது. இறந்தபின் ஆராயப்பட்ட டூரெட் நோயாளிகளின் மூளைகளில், ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் தடுப்பு வேலை செய்யும் சிலவகைச் சிறு நரம்பணுக்கள் குறைவாக இருந்தன. வடிகட்டி தளரும்போது, தோள்வெட்டு எப்படி வெளியே வருகிறதோ அப்படியே சொல்லும் வருகிறது.

சொற்களில் வசை ஏன் எளிதாகத் தப்புகிறது என்பதற்குப் பக்கவாத நோயாளிகளிடம் ஒரு தடயம் இருக்கிறது. இடப்பக்க மூளை பாதித்துப் பேச்சே போனவர் சிலருக்கு, ஒரு வாக்கியம் கட்ட முடியாத நிலையிலும் திட்டுச் சொல் மட்டும் தெளிவாக வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கவனிக்கப்பட்ட விஷயம். எழுத்தெழுத்தாகக் கோத்துப் பேசும் பேச்சு வேறு. உணர்ச்சியோடு ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகப் பதிந்திருக்கும் சொல் வேறு. வசை இரண்டாவது வகை. இருமலைப் போல முழுதாக வெளியே விழும்.

எந்தச் சொல் கட்டியாகப் பதியும் என்பதைத் தீர்மானிப்பது சமூகம். ஆகவே இது மொழிக்கு மொழி மாறும். பிரெஞ்சுக்காரருக்கு மலமும் பன்றியும் வந்தன. இன்னோர் இடத்தில் உடலுறுப்பு, தாயைப் பழிக்கும் சொல், தெய்வத்தை இழிக்கும் சொல், ஒரு இனத்தையோ சாதியையோ இழிக்கும் சொல் வரும். பிறவியிலேயே காது கேளாத, சைகைமொழி பேசும் டூரெட் நோயாளிகளுக்கு ஆபாசம் கைகளில், சைகைமொழிச் சொல்லாகவே வந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. தொண்டைக்கும் இதற்கும் தனி உறவு இல்லை. விலக்கப்பட்ட சொல் எந்த வழியாக வாழ்கிறதோ அந்த வழியாக வெளியேறுகிறது. இத்தார் வேலை பார்த்ததே சைகைமொழி புழங்கிய பள்ளியில் என்பது கூடுதல் சுவாரசியம்.

அந்தச் சொல்லை விலக்கப்பட்டது என்று நோயாளி ஆழமாக அறிந்திருப்பதே டிக்குக்கு எரிபொருள். ஒரு சொல்லைப் பொருட்டாக நினைக்காதவருக்கு அது வந்து மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு குறைவு. இறுதி ஊர்வலம், வகுப்பறை அமைதி, விமான நிலையச் சோதனை வரிசை, சக்கர நாற்காலியில் ஒருவர் எதிரே வருவது: எதைச் சொல்லவே கூடாதோ அது தெளிவாகத் தெரியும் இடங்களில்தான் நெருக்குதல் ஏறுகிறது.

கருத்தா, டிக்கா

சீமாட்டியின் மூன்றாவது வகைப் பேச்சை இத்தார் ‘சாதகமற்ற அபிப்பிராயம்’ என்ற தொனியில் எழுதினார். அதாவது அவர் மனதில் இருந்த மதிப்பீடு தடையில்லாமல் வெளிவந்தது என்ற எண்ணம். அந்த இடத்தில் இத்தார் அவசரப்பட்டுவிட்டார். ஒரே பத்தியில் நோயாளி சொல்லும் விளக்கம் வேறு பக்கம் காட்டுகிறது.

எதிரே வருபவரின் வழுக்கையை எல்லோர் மூளையும் கவனிக்கிறது. ‘அதைப் பற்றிப் பேசக்கூடாது’ என்பதையும் அதே கணத்தில் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கவனித்தது ஒரு கருத்தே இல்லை, எச்சரிக்கை மட்டுமே. மற்றவர்களிடம் எச்சரிக்கை உள்ளேயே கரைந்துவிடும். இவரிடம் எச்சரிக்கையில் இருந்த சொல்லே வெளியே குதிக்கிறது. இந்த நோய் உள்ளவர்கள் தங்கள் பிள்ளையை, தங்கள் இனத்தை, தங்களையே இழித்து டிக் சொல்வதுண்டு. யாருமில்லாத அறையிலும் சொல்வதுண்டு. அவமதிப்பு டிக்குகளை 1996 இல் ஆராய்ந்த ஓர் ஆய்வில் பதின்வயதினரும் பெரியவர்களுமாக 87 பேரில் 22 சதவீதம் பேருக்கு மற்றவரை இழிக்கும் பேச்சு இருந்தது. பெரும்பாலும் அது பாய்ந்தது வீட்டார் மேலும் பழகியவர் மேலும். உள்மனக் கருத்து என்று கொண்டால் இந்தப் பட்டியலை விளக்கவே முடியாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். டூரெட் உள்ளவர் கோபத்தில் வேண்டுமென்றே திட்டவும் செய்வார், எல்லோரையும் போல. கவனக்குறைவு மிகையியக்கம் (ADHD), எண்ணச் சுழற்சி நோய் (OCD) இரண்டும் இவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு உடன் இருப்பதால், பொங்கி வெடிக்கும் கோபமும் பலருக்கு உண்டு. எல்லாவற்றையும் டிக் கணக்கில் எழுதிவிட்டால் பிள்ளைக்கும் நல்லதில்லை. பிரித்தறியச் சில அடையாளங்கள் உதவும். டிக் சொல் குறுகியது. பெரும்பாலும் ஒரு சொல், சில சமயம் முதல் அசை மட்டும். பேச்சின் சுருதியைவிட உயர்ந்தோ உரத்தோ திடீரென்று தனித்து ஒலிக்கும். வாக்கியங்களுக்கு இடைப்பட்ட மூச்சிடத்தில் விழும். ஒரே சொல் நாட்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். சொன்ன பிறகு பேச்சு விட்ட இடத்திலிருந்து, அதே தொனியில் தொடரும். கோபத் திட்டு அப்படியில்லை. அது வாக்கியமாக நீளும், பதிலுக்கேற்ப மாறும், முகமும் உடலும் சேர்ந்து கொதிக்கும், சண்டை முடிந்தால் நிற்கும். இரண்டும் கலந்து வரும் நேரமும் உண்டு. அப்போது அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்ல முயலாமல், ஆறிய பிறகு கேட்பதுதான் வழி.

டூரெட் இல்லாமலே இப்படி வருவதும் உண்டு. முன்மூளை சுருங்கும் மறதிநோய், சிலவகை வலிப்பு, லெஷ்-நைஹன் என்ற பிறவி வளர்சிதைக் கோளாறு போன்றவற்றில் தடையில்லாப் பேச்சு வரலாம். மலாய் மண்ணில் ‘லாத்தா’ என்று சொல்லப்படுவது, அதிர்ச்சிக்கு ஆளானதும் ஆபாசச் சொல்லும் எதிரொலியும் கிளம்புவது. டூரெட் இதையும் தன் நோயோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டார். அது தூண்டினால் மட்டும் வரும், டிக் தூண்டாமலும் வரும். 2020க்குப் பிறகு உலகின் பல மருத்துவமனைகளில் கூடிய இன்னொரு வகை உண்டு: பதின்வயதில், பெரும்பாலும் பெண்களுக்கு, ஓரிரு நாளில் முழு வேகத்தில் தொடங்குவது, நீளமான வாக்கியங்கள், அன்றாடம் மாறும் விதவிதமான ஆபாசம், ஆட்கள் முன்னிலையில் மிகுதி. இது செயல்பாட்டு வகை டிக். நடிப்பு என்று சொல்லிவிட முடியாது, ஆனால் சிகிச்சை வேறு. ஐந்து வயதில் கண்சிமிட்டல் இருந்ததா என்ற ஒரு கேள்வி பெரும்பாலும் வழி காட்டும்.

‘அங்கே மட்டும் அடக்க முடிந்ததே?’

அநேகமாக எல்லா வீட்டிலும் வரும் கேள்வி இது. கோயிலில் ஒரு மணிநேரம் வாய் திறக்கவில்லை, வீட்டு வாசலில் கால் வைத்ததும் கொட்டுகிறது. ஆக வேண்டுமென்றுதான் செய்கிறான்.

டிக்குக்கு முன்னால் பெரும்பாலோருக்கு ஒரு முன்னுந்துதல் வரும். தொண்டையில் அரிப்பு, தாடையில் இறுக்கம், ஏதோ ‘சரியாக முடியவில்லை’ என்ற உறுத்தல். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள்தான் இதைச் சொல்லத் தெரிந்தவர்கள். கண்ணை இமைக்காமல் ஒரு நிமிடம் இருந்து பார்த்தால் இதன் சுவடு தெரியும். அடக்க முடியும், ஆனால் அந்த நிமிடத்தில் வேறெதிலும் மனம் போகாது. வகுப்பில் டிக்கை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் காதில் விழாதது அதனால்தான். சற்று அடக்கி வைக்க முடிவதை வைத்து, அது விருப்பச் செயல் என்று முடிவு கட்டுவது தும்மலை அடக்கியவரைப் பார்த்து ‘தும்மலே உனக்குப் பிடித்துத்தான் வருகிறது’ என்று சொல்வதற்குச் சமம். அடக்கினால் பிறகு இரட்டிப்பாக வெடிக்கும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. சோதனைக்கூடத்தில் அளந்து பார்த்தபோது அப்படிப் பின்வெடிப்பு தெரியவில்லை. வீட்டில் கூடுவதற்கு, காவலைத் தளர்த்தியதும் வழக்கமான அளவுக்குத் திரும்புவதே போதுமான விளக்கம்.

டாம்பியேர் வீட்டில் நடந்த முதல் தவறும் இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான். ஏழு வயதில் எழுத்துப் பலகையின் முன் வாங்கிய தண்டனை இழுப்பை நிறுத்தவில்லை; ‘வந்துவிடக் கூடாது’ என்ற பயத்தைக் கூட்டியிருக்கவே வாய்ப்பு. பயம் என்ன செய்யும் என்பதை அவரே பின்னால் சொன்னார்.

இன்று சிகிச்சைக்கு வந்திருந்தால்

முதலில் அளப்பது. டிக்கின் கடுமையை அளக்கும் யேல் அளவுகோலில் எண்ணிக்கை, அடிக்கடி வருதல், தீவிரம், சிக்கல், இடையூறு ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 5. உடல் டிக்குக்கு 25, குரல் டிக்குக்கு 25. வாழ்க்கை எவ்வளவு பாதிக்கப்படுகிறது என்பதற்குத் தனியாக 50. ஆபாச டிக் ஒன்று மட்டும் இருந்து நாளுக்கு நான்கு தடவையே வந்தாலும் கடைசி எண் எகிறிவிடும்; மருந்தா பயிற்சியா என்ற முடிவு பெரும்பாலும் அந்த எண்ணைப் பார்த்தே.

மருந்துக்கு முன் வைப்பது நடத்தைப் பயிற்சி. சிபிஐடி (டிக்குக்கான முழுமையான நடத்தைப் பயிற்சி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அழைக்கப்படுகிறது. 126 பிள்ளைகளை வைத்து 2010 இல் வெளியான சோதனையில், 10 வாரத்தில் 8 அமர்வு முடிந்தபோது இப்பயிற்சி பெற்றவர்களில் 52.5 சதவீதம் பேர் தெளிவாக முன்னேறினார்கள். ஆறுதலும் விளக்கமும் மட்டும் பெற்றவர்களில் 18.5 சதவீதம். படிகள் எளிமையானவை, செய்வதுதான் கடினம்.

ஒரு சமயத்தில் ஒரே டிக்கை எடுக்க வேண்டும். அதை அங்குலம் அங்குலமாக விவரிக்கச் சொல்ல வேண்டும்: முதலில் தாடை இறுகுகிறது, அடுத்து நாக்கு மேலே ஒட்டுகிறது, பிறகு சொல். அமர்வில் டிக்கோ முன்னுந்துதலோ வரும்போதெல்லாம் விரலை உயர்த்தச் சொல்ல வேண்டும். பெரும்பாலானவற்றைத் தானே பிடிக்கும் வரை அடுத்த படிக்குப் போவதில்லை. அதன்பின் போட்டிச் செயல், அதாவது டிக்கோடு சேர்த்துச் செய்ய முடியாத வேறொரு செயல். குரல் டிக்குக்கு வாயை மூடிக்கொண்டு, வயிறு ஏறி இறங்க, மூக்கால் மெதுவாகச் சீராக மூச்சு விடுவது. மூச்சு இப்படிப் போகும்போது கத்த முடியாது, பார்ப்பவருக்கும் தெரியாது. ஒரு நிமிடம், அல்லது உந்துதல் தணியும் வரை, எது நீளமோ அதுவரை பிடிக்க வேண்டும்.

தோற்கும் இடங்கள் தெரிந்தவைதான். சொல் வெளியே வந்த பிறகு மூச்சைத் தொடங்குவார்கள். முன்னுந்துதலில் தொடங்காவிட்டால் பயனில்லை. பத்து விநாடியில் விட்டுவிடுவார்கள். அம்மா ‘மூச்சு! மூச்சு!’ என்று நாள் முழுக்க நினைவூட்டுவார். அந்த நினைவூட்டலே தூண்டுதலாகிவிடும். சொல்லை வேறு சொல்லாக மாற்றிக்கொள்ளும் உத்தியும் உண்டு: அதே முதலெழுத்தில் தொடங்கும் கள்ளமற்ற ஒரு சொல்லுக்குத் திருப்புவது, அல்லது முதல் அசையோடு இருமலாக முடிப்பது. சிலருக்கு நன்றாக உதவுகிறது. ஆனால் உந்துதல் கேட்பது அந்தக் குறிப்பிட்ட ஓசையின் நிறைவை. மாற்றுச் சொல் அந்த நிறைவைத் தராவிட்டால் அதைச் சொல்லிவிட்டு அசலையும் சொல்ல வேண்டிவரும்.

பயிற்சியின் இன்னொரு பாதி, டிக்குக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று ஒரு வாரம் குறித்து வைப்பது. ஆபாச டிக்கில் இதன் முக்கியத்துவம் அதிகம். வகுப்பே சிரிக்கிறது, அல்லது ஆசிரியர் வெளியே அனுப்புகிறார், கணக்குப் பாடத்திலிருந்து தப்பிக்க முடிகிறது. பிள்ளை அதற்காகச் செய்யவில்லை. ஆனால் மூளைக்கு அது பரிசாகப் பதிந்து டிக் அந்த நேரத்தில் தடித்துப்போகும். சிரிப்பை நிறுத்துவதும் வெளியே அனுப்பாமலிருப்பதும் சிகிச்சையின் பகுதிதான்.

மருந்துகளில் குளோனிடின், குவான்ஃபசின் மென்மையானவை. கவனக்குறைவும் சேர்ந்திருந்தால் முதலில் இவை. தூக்கமும் இரத்த அழுத்தக் குறைவும் வரும். திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறும். அரிபிப்ரசோல் அமெரிக்காவில் 6 முதல் 18 வயதினரின் டூரெட்டுக்கு அனுமதி பெற்றது. 2 மில்லிகிராமில் தொடங்கி, 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கு 5, மேற்பட்டவருக்கு 10 என்பது இலக்கு அளவு. எடை கூடுவதையும் உட்கார முடியாத பதற்றத்தையும் கவனிக்க வேண்டும். ஹலோபெரிடால்தான் 1960களில் இந்நோயைப் புதைந்த காமத்தின் குறியீடு என்று பார்த்த உளப்பகுப்பாய்விலிருந்து மீட்டு நரம்பியலுக்குக் கொண்டுவந்தது. ஆனால் தசை விறைப்பும் நெடுநாளில் நிரந்தர வாயசைவும் வரக்கூடும் என்பதால் இன்று பின்வரிசையில்தான். ஒரே ஒரு உரத்த குரல் டிக் மட்டும் வாழ்க்கையைக் குலைத்தால், குரல்நாணில் போட்யூலினம் ஊசி போடுவது உண்டு. சத்தம் தணியும், சிலருக்கு முன்னுந்துதலும் குறையும். சில வாரம் குரல் கம்மியிருக்கும். மூன்று, நான்கு மாதத்தில் மறுபடி போட வேண்டும். எந்த மருந்தும் சொல்லைத் தேர்ந்தெடுத்து அழிப்பதில்லை. மொத்த டிக் சுமை குறையும்போது அதுவும் குறைகிறது.

கூடத்தில் இருந்த மற்றவர்கள்

இத்தார் சங்கடம் இரு பக்கமும் என்று எழுதியதை இன்றைய விளக்கங்களில் பாதியாக வெட்டிவிடுகிறார்கள். ‘அவருக்கு நோய், புரிந்துகொள்ளுங்கள்’ என்று மட்டும் சொன்னால், இழிசொல்லை வாங்கிக்கொண்டவர் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டிய கடமைக்கு ஆளாகிறார். தலைமுறை தலைமுறையாகத் தன் மக்களை அடிக்கப் பயன்பட்ட ஒரு சொல் காதில் விழுந்தால், நோக்கம் இல்லை என்பது தெரிந்தாலும் வலிக்கும். வலிப்பதற்கும் நோக்கம் இல்லாததற்கும் முரண்பாடு இல்லை. ஒன்றை நிரூபிக்க மற்றதை மறுக்கத் தேவையில்லை.

ஆகவே வேலை ஏற்பாடு செய்தவர் தலையில் விழுகிறது: பள்ளித் தலைமை, அலுவலக மேலாளர், நிகழ்ச்சி நடத்துபவர். டிக் வந்த அந்த நிமிடத்தில் சுற்றியிருப்பவர் பேச்சைத் தொடர வேண்டும். திரும்பிப் பார்ப்பது, ‘பரவாயில்லை’ என்று பத்துத் தடவை சொல்வது, அந்தச் சொல்லையே மறுபடி உச்சரித்துக் கேட்பது மூன்றும் அடுத்த டிக்கை அழைக்கும். சொல் ஒருவர் மேல் பாய்ந்திருந்தால், சற்றுப் பிறகு தனியாக அவரிடம் போய், நடந்தது டிக் என்பதையும் அது வலித்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியது ஏற்பாட்டாளர். நோயாளி ஒவ்வொரு டிக்குக்கும் எழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வைத்தால் அவருடைய நாளே அதில் போய்விடும். கேட்க விரும்பினால் அது அவர் விருப்பம்.

முன்கூட்டிச் சொல்லும்போது பொதுவாகச் சொன்னால் போதாது. ‘டூரெட் உள்ள ஒருவர் இருக்கிறார், சத்தம் வரலாம்’ என்று சொல்லிவிட்டு, வந்தது இனவசையாக இருந்தால் கேட்டவர்கள் தயாராக இருந்திருக்க மாட்டார்கள். ‘ஆபாசமும் இழிசொல்லும் வரக்கூடும், அவை அவர் கருத்தல்ல’ என்று உள்ளதை உள்ளபடி, அவர் சம்மதத்தோடு சொல்ல வேண்டும். மேடையில் ஏறப்போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒலிவாங்கிக்கு எட்டாத, கதவுக்குப் பக்கத்து இருக்கையை அவர் விரும்பினால் கொடுக்கலாம். அங்கேதான் உட்கார வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது வேறு விஷயம். பதிவு செய்து ஒளிபரப்பும் நிகழ்ச்சி என்றால் அந்தச் சொல்லை வெட்டுவது தொகுப்பவர் பொறுப்பு. அது அரங்கத்தில் ஒருமுறை விழுந்ததோடு முடியும் டிக். ஒளிபரப்பில் விட்டால் இலட்சம் காதுகளுக்குப் போவது தொகுப்பவரின் முடிவு.

பள்ளியில் மூன்று ஏற்பாடுகள் பெரும்பாலும் போதும்: கேட்காமலே ஐந்து நிமிடம் வெளியே போய்வர ஓர் அட்டை, தேர்வுக்குத் தனி அறை, வகுப்புக்கு ஒருமுறை பதினைந்து நிமிட விளக்கம். விளக்கத்தைப் பிள்ளை தானே கொடுப்பதா, பெற்றோரா, ஆசிரியரா என்பதைப் பிள்ளையிடம் கேட்டு வைக்க வேண்டும். அட்டையைத் தண்டனையாக நீட்டாமல் இருக்க வேண்டும். ‘போய்விட்டு வா’ என்று ஆசிரியர் சொல்லத் தொடங்கிய வாரத்திலிருந்து அது வெளியேற்றமாக மாறிவிடும், பிள்ளை அட்டையைப் பையிலேயே வைத்துக்கொள்ளும்.